222 கி.மீ. மலை ஓட்டப் பந்தயம்: நின்றவரும் பிழைத்தார், ஓடியவரும் பிழைத்தார்!

சீனாவில் 21 பேர் செத்தது ஏன்? பந்தயம் நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்

குள்ளஞ்சாவடி:-

குள்ளஞ்சாவடியில் இருந்து சென்னைக்கு ஏறக்குறைய 200 கி.மீ. தூரம். பஸ்சில் உட்கார்ந்து போனாலே இடுப்பு கழன்று விடும்.

அந்தத் தூரத்தை ஒரு ஆள் காலால் ஓடிக் கடந்தால்? அதுவும் ராத்திரி பகல் பார்க்காமல்? அதுவும் மூச்சு விடக் காற்று போதாத இமயமலையில்?

இப்படி ஒரு பந்தயம் நம் நாட்டிலேயே நடந்தது. இடம், காஷ்மீருக்கு அப்பால் உள்ள லடாக். பந்தயத்தின் பெயர் "லா அல்ட்ரா - தி ஹை". "லா" என்றால் லடாக் பாஷையில் கணவாய் என்று அர்த்தம். நடத்தியவர் டெல்லியைச் சேர்ந்த டாக்டர் ரஜத் சவுகான். விளையாட்டு வீரர்களுக்கு ஏற்படும் காயங்களுக்கு வைத்தியம் பார்ப்பவர்.

முதல் பந்தயம் 2010-ம் ஆண்டு நடந்தது. தூரம் 222 கி.மீ. ஒலிம்பிக்கில் ஓடும் மாரத்தான் ஓட்டம் 42 கி.மீ. சொச்சம்தான். அதைப் போல 5 மடங்குக்கும் அதிகம்!

மூன்றே பேர்

ஓட வந்தவர்கள் மூன்றே பேர். இங்கிலாந்தைச் சேர்ந்த மார்க் காக்பெய்ன், அமெரிக்காவைச் சேர்ந்த மாலி ஷெரிடன் என்ற பெண், அதே நாட்டைச் சேர்ந்த விஞ்ஞானி பில் ஆண்ட்ரூஸ். மூவரும் இதற்கு முன் பல நீண்ட தூர ஓட்டங்களில் ஓடிப் பழகியவர்கள்.

கடைசி வரை ஓடி முடித்தவர் மார்க் காக்பெய்ன் மட்டும்தான். அவர் எடுத்துக் கொண்ட நேரம் 48 மணி 50 நிமிடம். இரண்டு பகல், இரண்டு ராத்திரி, அதற்கு மேலும் கொஞ்சம்!

மற்ற இருவரும் வழியிலேயே ஓட்டத்தை நிறுத்திக் கொண்டார்கள்.

மூன்று பேரும் உயிரோடு வீடு திரும்பினார்கள். முதலிடம், கோப்பை, கைதட்டல் எல்லாவற்றையும் விட இதுதான் பெரிய செய்தி. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

அரைக் காற்று

லடாக்கில் "கர்துங் லா" என்று ஒரு கணவாய். உயரம் 5,359 மீட்டர். அங்கே வைத்திருந்த போர்டில் 18,380 அடி என்று எழுதி, உலகத்திலேயே உயரமான மோட்டார் ரோடு என்று பெருமை பேசினார்கள். பிறகு கருவி வைத்து அளந்து பார்த்ததில் சுமார் 17,580 அடிதான் என்று தெரிந்தது. 800 அடி குறைவு!

குறைந்தாலும் சும்மா இல்லை. நம் ஊட்டி தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதன் தலை மேல் இன்னொரு தொட்டபெட்டாவைத் தூக்கி வைத்தாலும் கர்துங் லாவை எட்டாது.

ஓடுகிறவர்கள் இந்தக் கணவாயை ஏற வேண்டும். பிறகு லே நகரத்துக்கு இறங்க வேண்டும். சிந்து நதிப் பள்ளத்தாக்கு வழியாக ஓட வேண்டும். "அப்பாடா, சமவெளி வந்தது" என்று நினைக்கும்போது தங்லங் லா என்ற இன்னொரு கணவாய் எதிரே நிற்கும். அதுவும் 5,300 மீட்டருக்கு மேல். அதையும் ஏறி இறங்க வேண்டும்.

அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். கடலூர் கடற்கரையில் நின்று ஒரு மூச்சு இழுத்தால் கிடைக்கும் பிராண வாயு, அங்கே இரண்டு மூச்சு இழுத்தால்தான் கிடைக்கும். நடந்தாலே நாய் போல இரைக்கும். ஓடினால் கேட்க வேண்டுமா?

பகலில் பள்ளத்தாக்கில் வெயில் தோலை உரிக்கும். ராத்திரி கணவாயில் தண்ணீர் உறையும். ஒரே பந்தயத்தில் ஆடி வெயிலும் உண்டு, ஐஸ் பெட்டிக் குளிரும் உண்டு.

நுரையீரலில் தண்ணீர்

உயரமான இடத்துக்குத் திடீரென்று போனால் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வரும். இது முதல் எச்சரிக்கை. அதை மதிக்காமல் மேலே மேலே போனால் நுரையீரலில் நீர் கோத்துக் கொள்ளும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு முட்டும். இன்னொரு வகையில் மூளை வீங்கும். நடை தள்ளாடும். பேச்சு குளறும். சாராயம் குடித்தவன் போல இருப்பான். ஆனால் ஒரு சொட்டு குடித்திருக்க மாட்டான். கவனிக்கா விட்டால் சாவுதான்.

இதற்கு முதல் வைத்தியம் ஒன்றே ஒன்று. உடனே கீழே இறக்க வேண்டும். கூடவே பிராண வாயு கொடுக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மூளைக்குப் பிராண வாயு குறைந்தவனுக்குத் தன் நிலைமை தெரியாது. "எனக்கு ஒன்றும் இல்லை, நான் ஓடியே தீருவேன்" என்றுதான் சொல்வான். ஆகவே "போதும், நில்லு" என்று சொல்வதற்கு வேறு ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

லடாக் பந்தயத்தில் அதற்கு ஏற்பாடு இருந்தது. ஓட வருகிறவர்கள் முன்கூட்டியே லே நகருக்கு வந்து தங்கி உடம்பைப் பழக்கிக் கொண்டார்கள். ஓடும்போது பின்னாலேயே கார் வந்தது. அதில் உதவி ஆட்கள் இருந்தார்கள். டாக்டர்கள் இருந்தார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் குறிப்பிட்ட இடத்தைத் தாண்டா விட்டால் ஆட்டம் முடிந்தது. காரில் ஏற வேண்டியதுதான்.

2011-ம் ஆண்டுப் பந்தயத்தில் இங்கிலாந்து நாட்டுப் பெண் ஷாரன் கேய்ட்டர் முதலாவதாக வந்து ஆண்களை அசர வைத்தார். பிறகு பந்தய தூரம் 333 கி.மீ. ஆனது. அதற்கும் மேலே 555 கி.மீ. ஆனது. 2019-ல் புனா நகரைச் சேர்ந்த ஆஷிஷ் கசோடேகர் இந்த 555 கி.மீ. தூரத்தை ஐந்து நாட்களுக்கு மேல் ஓடி முடித்தார். அதைச் செய்த முதல் இந்தியர் அவர். 13 மாரத்தான் ஓட்டத்துக்கு சமம். அடேயப்பா!

ஜெயில் கைதியால் பிறந்த பந்தயம்

லடாக் பந்தயம் ரோட்டில் ஓடுவது. ரோடே இல்லாத காட்டில் ஓடும் பந்தயம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. அது பிறந்த கதை சினிமாவை மிஞ்சும்.

கறுப்பர் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் 1968-ல் சுட்டுக் கொல்லப்பட்டார் அல்லவா? அந்தக் கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஜேம்ஸ் ஏர்ல் ரே, டென்னசி மாநிலத்தில் பிரஷி மவுண்டன் என்ற சிறையில் அடைக்கப்பட்டு இருந்தான். சுற்றிலும் மலை, முள்ளுக்காடு.

1977 ஜூன் 10-ந் தேதி அவனும் சில கைதிகளும் மதில் ஏறிக் குதித்துத் தப்பி ஓடினார்கள். போலீஸ் மோப்ப நாய்களோடு காட்டைச் சல்லடை போட்டுத் தேடியது. இரண்டு நாளுக்கு மேல் கழித்து அவன் பிடிபட்டான். சுமார் 54 மணி நேரம் ஓடியவன், சிறையில் இருந்து எத்தனை தூரம் போயிருந்தான் தெரியுமா? ஏறக்குறைய 13 கி.மீ.தான்!

"54 மணி நேரத்தில் இவ்வளவுதானா? நானாக இருந்தால் 100 மைல் ஓடி இருப்பேன்" என்கிற ரீதியில் கிண்டல் செய்தார், கேரி கான்ட்ரெல் என்பவர். அந்தக் கிண்டல்தான் 1986-ல் "பார்க்லி மாரத்தான்" என்ற பந்தயமாக ஆனது.

மொத்தம் 5 சுற்று. கெடு 60 மணி நேரம். தூரம் சுமார் 100 மைல், அதாவது 160 கி.மீ. வழி காட்ட அம்புக்குறி கிடையாது. காட்டுக்குள் அங்கங்கே புத்தகங்களை ஒளித்து வைத்து இருப்பார்கள். அவரவர் நம்பருக்கு உரிய பக்கத்தைக் கிழித்துக் கொண்டு வர வேண்டும். அப்போதுதான் முழு வழியும் ஓடியதற்கு அத்தாட்சி. 5 சுற்றிலும் ஏறும் உயரத்தைக் கூட்டினால், கடல் மட்டத்தில் இருந்து எவரெஸ்ட் சிகரத்தை இரண்டு தடவை ஏறியதற்கு சமம்.

1986-ல் ஆரம்பித்த இந்தப் பந்தயத்தை 2024 வரை 5 சுற்றும் ஓடி முடித்தவர்கள் 20 பேர்தான். பெண்களில் ஒரே ஒருவர். இங்கிலாந்தைச் சேர்ந்த கால்நடை டாக்டர் ஜாஸ்மின் பாரிஸ். இரண்டு குழந்தைகளுக்குத் தாய். 2024-ல் அவர் முடித்த நேரம் 59 மணி 58 நிமிடம் 21 விநாடி. கெடு முடிய இன்னும் 99 விநாடிதான் பாக்கி! எல்லைக் கோட்டைத் தொட்டதும் அப்படியே தரையில் சாய்ந்தார்.

2025-ல் ஒருவராலும் முடிக்க முடியவில்லை.

தோற்றுத் திரும்பி வருகிறவர்களுக்கும் அங்கே ஒரு மரியாதை உண்டு. முகாமுக்கு வந்து "நான் நிறுத்திக் கொள்கிறேன்" என்று சொன்னால், ராணுவத்தில் ஊதுவது போல ஒரு ஊதுகுழல் ஊதுவார்கள். அவ்வளவுதான். திட்டு கிடையாது, கேலி கிடையாது. சூப் குடித்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

சீனாவில் நடந்த கோரம்

இப்படி நிறுத்த ஆள் இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? சீனாவில் நடந்தது.

2021 மே மாதம் 22-ந் தேதி. கான்சு மாகாணத்தில் பையின் நகரை அடுத்த மலைப் பகுதியில் 100 கி.மீ. ஓட்டப் பந்தயம். ஓடியவர்கள் 172 பேர். லடாக் தூரத்தில் பாதி கூட இல்லை. மலையும் லடாக் அளவு உயரம் இல்லை.

காற்று பலமாக வீசும் என்று வானிலை இலாகா முன்கூட்டியே எச்சரித்து இருந்தது. பந்தயத்தை நிறுத்தவில்லை. காலையில் வெயில் இருந்ததால் பெரும்பாலோர் அரைக்கால் சட்டை, மெல்லிய பனியனோடு கிளம்பினார்கள். குளிர் தாங்கும் சட்டையைக் கட்டாயம் கொண்டு போக வேண்டும் என்ற விதி இல்லை. பலர் கனமான துணிகளை மூட்டை கட்டி, 60 கி.மீ.க்கு அப்பால் உள்ள நிலையத்துக்கு முன்கூட்டியே அனுப்பி விட்டார்கள்.

மதிய வேளையில் மலை உச்சியை நெருங்கும்போது வானம் கறுத்தது. ஆலங்கட்டி மழை கொட்டியது. ஐஸ் போன்ற மழையும் சூறைக் காற்றும் சேர்ந்து அடித்தது. வண்டி ஏற முடியாத செங்குத்தான பாதை அது. உதவி செய்ய ஆளும் இல்லை, ஒதுங்க இடமும் இல்லை.

நனைந்த பனியனோடு குளிரில் விறைத்து 21 பேர் பரிதாபமாக இறந்தார்கள். சீனாவின் பெயர் பெற்ற நீண்ட தூர ஓட்ட வீரர் லியாங் ஜிங் அவர்களில் ஒருவர். வயது 31. காது கேளாத, வாய் பேசாத மாரத்தான் வீரர் ஹுவாங் குவான்ஜுனும் இறந்து போனார். "காப்பாற்றுங்கள்" என்று கத்தக் கூட அவரால் முடியாது.

ஆடு மேய்ப்பவர் காப்பாற்றினார்

அந்த மலையில் ஆடு மேய்த்துக் கொண்டிருந்தவர் ஷு கெமிங். மழை வந்ததும் ஒரு குகைக்குள் ஒதுங்கினார். அங்கே துணிமணி, கம்பளி, விறகு எல்லாம் அவர் ஏற்கனவே வைத்து இருந்தார். வெளியே ஓட்டக்காரர்கள் தடுமாறுவதைப் பார்த்ததும் அவர்களைக் குகைக்குள் கொண்டு வந்தார். நெருப்பு மூட்டினார். கம்பளியைப் போர்த்தினார்.

மூன்று ஆண்கள், மூன்று பெண்கள். மொத்தம் ஆறு உயிர்கள் பிழைத்தன.

பந்தயம் நடத்தியவர்களிடம் இல்லாத கம்பளியும் விறகும் ஆடு மேய்ப்பவரிடம் இருந்தது!

விசாரணை நடந்தது. பந்தயத்தை ஏற்பாடு செய்தவர்களில் 5 பேர் கைது செய்யப்பட்டார்கள். 27 அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. இதைப் போன்ற ஆபத்தான மலை ஓட்டங்களை சீன அரசு நிறுத்தி வைத்தது.

10 கி.மீ. ஓட்டத்திலும் சாவு

"இமயமலையும் சீனாவும் நமக்கு எதற்கு? நாம் என்ன மலை ஏறி ஓடவா போகிறோம்?" என்று கேட்கலாம்.

ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2024 ஆகஸ்டு மாதம் கலால் துறைக் காவலர் வேலைக்கு உடல் திறன் தேர்வு நடந்தது. ஆண்கள் 10 கி.மீ. தூரத்தை 60 நிமிடத்தில் ஓட வேண்டும். மலை இல்லை, பனி இல்லை. சாதாரண மைதானம்தான்.

ஓடியவர்களில் மயங்கி விழுந்தவர்கள் ஏராளம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்து விட்டார்கள். வேலை கிடைக்கும் என்று வழியனுப்பிய வீட்டுக்குப் பிணம் வந்தது.

அதற்குப் பிறகுதான் அரசு விழித்துக் கொண்டது. தேர்வைச் சில நாட்கள் தள்ளி வைத்தது. காலை 9 மணிக்கு மேல் யாரையும் ஓட விடக் கூடாது என்று முதல்-மந்திரி ஹேமந்த் சோரன் உத்தரவிட்டார். ஓட வருகிறவர்களுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கவும் ஏற்பாடு ஆனது. இதையெல்லாம் முதல் நாளே செய்து இருக்கக் கூடாதா?

222 கி.மீ. ஓடியவர்கள் பிழைத்தார்கள். 10 கி.மீ. ஓடியவர்கள் செத்தார்கள். ஆகவே தூரத்தை மட்டும் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. ஓட விட்டவர்கள் என்ன ஏற்பாடு செய்தார்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

நம்ம ஊர் பையன்கள்

விடியற்காலையில் நெய்வேலி, குறிஞ்சிப்பாடி, குள்ளஞ்சாவடி பக்கம் பஸ்சில் வருகிறவர்கள் பார்த்து இருப்பார்கள். ரோட்டு ஓரமாகப் பையன்கள் ஓடுவார்கள். சிலர் காலில் ஷூ கூட இருக்காது. போலீஸ் வேலைக்கும் பட்டாளத்துக்கும் ஆள் எடுக்கும் தேர்வுக்காகத்தான் இந்த ஓட்டம். தமிழ்நாடு போலீஸ் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். அதில் தோற்றால் எழுத்துத் தேர்வில் வாங்கிய மார்க் எல்லாம் வீண்.

ஓடுகிற பையன் தானாக நிற்க மாட்டான். நிற்க முடியாது. வீட்டில் அம்மா காத்திருப்பாள். தங்கை கல்யாணம் இருக்கும். வட்டிக் கடன் இருக்கும். கண் இருட்டினாலும் ஓடத்தான் பார்ப்பான். மலை மேல் பிராண வாயு குறைந்தவன் கதைதான் இவன் கதையும்.

ஆகவே மினி மாரத்தான் நடத்தும் சங்கங்கள், பள்ளிக்கூடங்கள், பயிற்சி கொடுக்கும் மாஸ்டர்கள், வேலைக்கு ஆள் எடுக்கும் அதிகாரிகள் எல்லோரும் கவனிக்க வேண்டியது இது:-

வெயில் ஏறும் முன் ஓட்டத்தை முடித்து விட வேண்டும். நம் பக்கத்துச் செம்மண் பூமி காலை 9 மணிக்கே அடுப்பு போல ஆகி விடும்.

வழி நெடுகத் தண்ணீர் வைக்க வேண்டும். நீண்ட தூரம் ஓடுகிறவர்கள் வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. உடம்பில் உப்பு குறைந்து விடும். உப்பு போட்ட மோர், உப்பு சர்க்கரைக் கரைசல் நல்லது.

ஆம்புலன்ஸ் வண்டியும் டாக்டரும் ஓட்டம் ஆரம்பிக்கும் முன்பே வந்து நிற்க வேண்டும். ஆள் விழுந்த பிறகு 108-க்கு போன் போடுவது கடைசிப் பட்சம்.

காய்ச்சல், வயிற்றுப் போக்கு உள்ளவனை அன்றைக்கு ஓட விடக் கூடாது.

நெஞ்சு வலி, தலைச்சுற்றல், தள்ளாட்டம், உளறல், வாந்தி. இதில் ஒன்று தெரிந்தாலும் ஓடுகிறவனை உடனே நிறுத்த வேண்டும். அவனைக் கேட்க வேண்டாம். "இன்னும் ஒரு ரவுண்டுதான் மாஸ்டர்" என்பான். விடக் கூடாது.

வெயிலில் ஓடி உளறுகிறவனையும், உடம்பு நெருப்பாய்க் கொதிக்க மயங்கியவனையும் நிழலில் படுக்க வைத்து, சட்டையைக் கழற்றி, தலை முதல் கால் வரை தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்க வேண்டும். ஐஸ் இருந்தால் இன்னும் நல்லது. விசிறி விட வேண்டும். ஆஸ்பத்திரி வண்டி வரும் வரை இதை நிறுத்தக் கூடாது. நினைவு இல்லாதவன் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது; புரை ஏறி மூச்சு அடைக்கும்.

அதோடு இன்னொன்று. நின்று போன பையனைக் கேலி செய்யக் கூடாது. இமயமலையில் பாதி வழியில் நின்ற இருவரையும் யாரும் கோழை என்று சொல்லவில்லை. இந்தத் தேர்வில் தோற்றவன் அடுத்த தேர்வுக்கு ஓடலாம். அதற்கு அவன் இன்றைக்கு வீடு போய்ச் சேர வேண்டும்.